இரண்டு செவ்வகம் போதும், ஒரு ஜோடி கையுறைக்கு

விரல் நுனி வரை மூடிய கையுறையைப் போட்டுக்கொண்டு போனில் எண் அழுத்த முடியாது, பர்ஸிலிருந்து சில்லறை எடுக்க முடியாது, சாவியைத் துவாரத்தில் நுழைக்கவே திணற வேண்டும். ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் மார்கழிக் காலையில் கடை திறப்பவர்களும், டெல்லிக்குப் படிக்கப் போன பிள்ளைகளும், டொராண்டோவில் பஸ்ஸுக்கு நிற்பவர்களும், சென்னையில் ஏசிக்கு நேர் கீழே கம்ப்யூட்டர் தட்டுபவர்களும் விரலில்லாக் கையுறையைத் தேடுவது இதனால்தான். உள்ளங்கையும் மணிக்கட்டும் சூடாக இருந்துவிட்டால் விரல்கள் ஓரளவு தாங்கிக்கொள்ளும்.

குரோஷாவில் சங்கிலி போடவும் ஒரு கண்ணி பின்னவும் தெரிந்துகொண்டவர் முதலில் பின்னி அணிய வேண்டிய பொருள் இதுதான் என்பது என் கட்சி. மஃப்ளர் முடிவதற்குள் சலித்துவிடும். தொப்பிக்குக் கண்ணி கூட்டவும் குறைக்கவும் தெரிய வேண்டும். ஸ்வெட்டர் பேச்சே இப்போது வேண்டாம். கையுறைக்கு இரண்டு செவ்வகத் துண்டுகள் போதும். மடித்து ஓரத்தைத் தைத்து, கட்டைவிரலுக்கு இடைவெளி விட்டால் வேலை முடிந்தது. சொதப்புகிறவர்கள் பெரும்பாலும் பின்னலில் சொதப்புவதில்லை, அளவெடுப்பதிலும் எண்ணுவதிலும்தான். அதனால் கீழே அந்த இரண்டுக்கும் கொஞ்சம் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

1. கடையில் "உல்லன்" என்று கேட்டால் பெரும்பாலும் கையில் கிடைப்பது அக்ரிலிக். லூதியானாவிலிருந்து வரும் வர்தமான், ஓஸ்வால் போன்ற நூல்களில் அக்ரிலிக்கும் உண்டு, கம்பளியும் உண்டு, இரண்டும் கலந்ததும் உண்டு. லேபிளைத் திருப்பிப் படித்துவிட்டு வாங்குங்கள். அக்ரிலிக் விலை குறைவு, சுருங்காது, மெஷினில் போட்டுத் துவைக்கலாம். தினமும் போட்டுக் கசக்கும் கையுறைக்கு அதுவே வசதி. அசல் கம்பளி கொஞ்சம் ஈரமானாலும் சூட்டை விடாது, ஆனால் பராமரிப்பு கேட்கும். பருத்தி நூலுக்கு இழுபடும் தன்மை குறைவு; நாலு நாள் போட்டதும் மணிக்கட்டில் தொளதொளவென்று ஆகிவிடும். ஏசி அறைக்கு மட்டும் என்றால் பருத்தி பரவாயில்லை.

2. நூல் சொரசொரப்பா இல்லையா என்பதை விரலால் தடவிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மணிக்கட்டின் உள்பக்கத்தில் அல்லது கழுத்தில் அரை நிமிடம் வைத்துப் பாருங்கள். அங்கே அரித்தால் கையுறையிலும் அரிக்கும்.

3. லேபிள் இல்லாமல் சிட்டமாக விற்கும் நூலா? ஒரு சின்னத் துண்டை வெட்டி, எவர்சில்வர் தட்டில் வைத்து, இடுக்கியால் பிடித்துக்கொண்டு தீக்குச்சியைக் காட்டுங்கள். கம்பளி என்றால் முடி கருகிய வாசனை வரும், சாம்பலை நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகி, ஆறியதும் கறுப்பு மணியாகக் கெட்டிப்படும். ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு செய்யுங்கள், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

இந்தச் சோதனையில் இன்னொரு எச்சரிக்கையும் இருக்கிறது. அடுப்படியில் போட்டுக்கொள்ளும் எண்ணம் இருந்தால் அக்ரிலிக் கையுறை கூடவே கூடாது. தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

4. முதல் ஜோடிக்கு வெளிர் நிற நூல் எடுங்கள். கறுப்பிலும் கருநீலத்திலும் டியூப்லைட் வெளிச்சத்தில் கண்ணி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. பஞ்சு பஞ்சாக முடி நீட்டிக்கொண்டிருக்கும் நூலும் வேண்டாம். பார்க்க அழகுதான், தப்பாகப் பின்னியதைப் பிரிக்கப் போனால் சிக்கிக்கொண்டு வரவே வராது.

5. கனம்: 8 பிளை அல்லது டி.கே. என்று போட்டிருக்கும் நடுத்தர நூல். கனம் தெரியாத நூலை ஒரு ஸ்கேலின் மேல் நெருக்கமாக, ஆனால் இழுக்காமல், பக்கத்தில் பக்கத்தில் சுற்றுங்கள். ஓர் அங்குல அகலத்துக்குள் 11 முதல் 15 சுற்றுகள் அடங்கினால் அது நமக்கு வேண்டிய கனம். அதைவிட நிறையச் சுற்று அடங்கினால் மெல்லியது, வேலை இழுக்கும். ஆறேழு சுற்றிலேயே அங்குலம் நிறைந்துவிட்டால் தடிமன். கையுறை தலையணை உறையாகிவிடும்.

6. பெண்கள் கைக்கு 18 செ.மீ. நீளத்தில் ஒரு ஜோடி பின்ன சுமார் 50 கிராம் பிடிக்கும். 100 கிராமாக வாங்கிவிடுங்கள். ஒவ்வொரு உருண்டையின் லேபிளிலும் சாயத் தொகுதி எண் இருக்கும். எல்லா உருண்டையிலும் அது ஒன்றாக இருக்க வேண்டும். கடையில் ஒரே பச்சையாகத் தெரிவது வெயிலில் இரண்டு பச்சையாகிவிடும். பிறகு போய்க் கேட்டால் அதே தொகுதி கிடைப்பது அதிர்ஷ்டம்.

7. ஊசி 4.5 மி.மீ. அம்மா, பாட்டி காலத்தில் டேபிள் கிளாத்துக்கும் டிவி கவருக்கும் லேஸ் பின்னிய மெல்லிய இரும்பு ஊசி இதற்கு உதவாது. ஊசியில் எழுத்தும் எண்ணும் போட்டிருந்தால் அதைக் கண்டுகொள்ள வேண்டாம். அமெரிக்காவில் ஓர் எழுத்து, பழைய பிரிட்டிஷ் முறையில் வேறோர் எண், அதிலும் எண் ஏற ஏற ஊசி மெலியும். மி.மீ. ஒன்றுதான் எங்கும் மாறாதது.

8. புத்தகத்திலோ வீடியோவிலோ பார்த்துப் பின்னுகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது, அது அமெரிக்க முறையா பிரிட்டிஷ் முறையா என்பது. ஒரே கண்ணிக்கு இரண்டு நாட்டிலும் வேறு வேறு பெயர். அமெரிக்கர் சிங்கிள் குரோஷே என்பதை பிரிட்டிஷ்காரர் டபுள் குரோஷே என்பார். அமெரிக்கரின் டபுள் அவருக்கு ட்ரெபிள். இது தெரியாமல் பின்னினால் கையுறை திட்டமிட்டதைவிட இரண்டு மடங்கு உயரத்துக்கு வளர்ந்து நிற்கும். சுலபமான அடையாளம்: இன்றைய பிரிட்டிஷ் முறையில் சிங்கிள் குரோஷே என்ற பெயரே கிடையாது. அந்தப் பெயர் எங்காவது தென்பட்டால் அது அமெரிக்க முறை. நான் இங்கே அமெரிக்கப் பெயர்களையே சொல்கிறேன்.

9. அளவு. இஞ்ச் டேப்பை எடுத்து, கட்டைவிரலை விட்டுவிட்டு, மற்ற நான்கு விரல்களும் உள்ளங்கையோடு சேரும் இடத்தில், முட்டிகளுக்கு மேலாகச் சுற்றுங்கள். அதுதான் சுற்றளவு. பெண்களுக்கு 18, 19 செ.மீ. வரும், ஆண்களுக்கு 21, 22 வரும். உங்களுக்கு எவ்வளவு வருகிறதோ அதை எழுதுங்கள், இதை அல்ல. வேலை செய்யும் கை மற்றதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும், அதையே அளவெடுங்கள். பிறகு நீளம்: விரல்களின் நடுக்கணுவுக்குச் சற்றுக் கீழே தொடங்கி, மணிக்கட்டைத் தாண்டி நான்கைந்து செ.மீ. வரை. பெரும்பாலும் 18-இல் நிற்கும். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போகும்போது ஸ்வெட்டர் கைக்குள் காற்று புகுகிறது என்பவர்கள் 22 வரை போகலாம்.

10. சுற்றளவில் பத்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். 19 என்றால் 17. குரோஷாத் துணி இழுபடும், போடப் போட இன்னும் தளரும். கையின் அளவுக்கே சரியாகப் பின்னினால் ஒரு வாரத்தில் கழன்று விழும்.

11. இனிப் பலரும் தாண்டிக் குதித்துவிடும் இடம். மாதிரித் துண்டு. "கையுறையே இத்தனூண்டு, அதற்கு மாதிரி வேறா?" என்பார்கள். ஒரே நூல், ஒரே ஊசி, ஒரே கண்ணி. அம்மா பின்னினால் ஓர் அளவு, மகள் பின்னினால் இன்னோர் அளவு வரும். நூலை இழுத்துப் பிடிக்கும் பழக்கம் ஆளுக்கு ஆள் மாறும். எந்தப் புத்தகத்தில் எத்தனை கண்ணி என்று போட்டிருந்தாலும் அது எழுதியவரின் கைக்கு.

20 சங்கிலி போட்டு, கீழே 13-ஆம் குறிப்பில் சொல்லும் கண்ணியில், 13 வரி பின்னுங்கள். ஏறக்குறைய 12 செ.மீ. சதுரம் வரும். மேஜையில் இழுக்காமல் பரப்பி, ஓரங்களை விட்டுவிட்டு, நடுவில் 10 செ.மீ. அகலத்துக்கு எத்தனை கண்ணி, 10 செ.மீ. உயரத்துக்கு எத்தனை வரி என்று எண்ணுங்கள். 16 கண்ணி, 11 வரி வந்ததாக வைத்துக்கொள்வோம். ஒரு செ.மீ.க்கு 1.6 கண்ணி, 1.1 வரி. நீளம் 18 வேண்டும்: 18-ஐ 1.6-ஆல் பெருக்கினால் 28.8, அதாவது 29 கண்ணி. சுற்றளவு 17 வேண்டும்: 17-ஐ 1.1-ஆல் பெருக்கினால் 18.7. இதை 18 வரி என்று எடுத்துக்கொள்வோம். இறுக்கம் பிடிக்காதவர்கள் 20. நடுவில் 19-ஐ ஏன் விட்டேன் என்பது 18-ஆம் குறிப்பில்.

இந்தக் கணக்கு தெரிந்துவிட்டால் எந்த நூலிலும், எந்தக் கைக்கும், யாரையும் கேட்காமல் கையுறை பின்னலாம். மாதிரித் துண்டு வீணாகாது, பிரித்து அதே நூலில் தொடங்கிவிடலாம்.

12. செவ்வகத்தை எந்தத் திசையில் பின்னுகிறோம் என்பதில்தான் கையுறையின் பொருத்தமே இருக்கிறது. தொடக்கச் சங்கிலி கையுறையின் நீளமாக இருக்க வேண்டும், சுற்றளவாக அல்ல. அப்போது வரிகள் விரல் பக்கத்திலிருந்து மணிக்கட்டு வரை கையோடு நீளவாக்கில் ஓடும். ஒவ்வொரு கண்ணியின் பின் இழையை மட்டும் எடுத்துப் பின்னும்போது வரிக்கு வரி மேடும் பள்ளமுமாகத் துணி மடியும். விசிறி போல விரிந்து, விட்டதும் சுருங்கும். அந்த விரிவு வரிகளுக்குக் குறுக்கே நடக்கிறது. வரிகள் நீளவாக்கில் ஓடினால் விரிவு கையைச் சுற்றி வரும். உள்ளங்கை நுழையும்போது விரியும், மணிக்கட்டில் சுருங்கிப் பிடிக்கும். தனியாக எலாஸ்டிக் எதற்கு? திசை மாறிப்போனால் கையுறை முழங்கைப் பக்கமாக நீளுமே தவிர மணிக்கட்டைப் பிடிக்காது.

13. கண்ணி, ஹாஃப் டபுள். நூலை ஊசியில் ஒரு சுற்றுச் சுற்றுங்கள், ஊசியைக் கண்ணிக்குள் விடுங்கள், நூலைப் பிடித்து வெளியே இழுங்கள். ஊசியில் இப்போது மூன்று வளையம். மறுபடி நூலைச் சுற்றி, மூன்றின் வழியாகவும் ஒரே இழுப்பு. சிங்கிள் குரோஷேயில் பின்னினால் துணி இறுகி அட்டை மாதிரி ஆகும், டபுளில் பின்னினால் கண்ணிகளுக்கிடையே குளிர் புகும். கையுறைக்கு இந்த நடு உயரமே தோது.

14. நம் கணக்குப்படி 30 சங்கிலி போடுங்கள். தொடக்கத்தில் 30 செ.மீ. வால் விட்டுவிடுங்கள், பிறகு தைக்க உதவும். ஊசியிலிருந்து 2-ஆவது சங்கிலியில் முதல் கண்ணி. வரி முடியும்போது 29 கண்ணி. அடுத்த வரிக்கு ஒரு சங்கிலி போட்டுத் திருப்புங்கள். அந்தச் சங்கிலி கணக்கில் சேராது. இனி எல்லா வரியும் பின் இழையில், 29.

15. சங்கிலியை இறுக்கிப் போடும் பழக்கம் இருந்தால் சங்கிலிக்கு மட்டும் 5 மி.மீ. ஊசியை எடுத்துக்கொண்டு, பிறகு 4.5-க்கு வாருங்கள். முதல் வரியைச் சங்கிலியின் முதுகில் வரிசையாகப் புடைத்திருக்கும் மேட்டில் பின்னினால் கீழ் ஓரமும் கடைசி வரியின் ஓரத்தைப் போலவே ஜடை ஜடையாக அமையும். இரண்டு ஓரங்களையும் சேர்த்துத் தைக்கும்போது இதன் அருமை தெரியும்.

16. பின் இழை எது? துணியை மேலிருந்து பாருங்கள். ஒவ்வொரு கண்ணியின் தலையிலும் இரண்டு இழைகள் இருக்கும். உங்களுக்கு அருகே இருப்பது முன் இழை, தள்ளி இருப்பது பின் இழை. ஹாஃப் டபுளில் இவற்றுக்குச் சற்றுக் கீழே மூன்றாவதாக ஓர் இழையும் படுத்திருக்கும். புதியவர்கள் அதனால் குழம்பித் தவறான இழையில் ஊசியை விட்டுவிடுவார்கள். தலையில் உள்ள இரண்டில் தள்ளி இருப்பதுதான் நமக்கு.

17. எண்ணுங்கள். ஒவ்வொரு வரி முடிவிலும். செவ்வகம் மேலே போகப் போகக் குறுகி முக்கோணமாவது ஏன் என்று குழம்புகிறவர்கள் எல்லோரும் ஒரே கண்ணியைத்தான் தவறவிடுகிறார்கள்: வரியின் கடைசிக் கண்ணி. அது சற்றுச் சாய்ந்து ஒளிந்திருக்கும். வரியின் முதல் கண்ணியைப் போட்டதும் அதில் ஓர் ஊக்கைக் குத்திவிடுங்கள். திரும்பி வரும்போது ஊக்கு இருக்கும் கண்ணியில் பின்னாமல் வரியை முடிக்காதீர்கள். டிவி பார்த்துக்கொண்டே பின்னலாம், சீரியல் பார்த்துக்கொண்டே எண்ண முடியாது.

18. வரிகள் இரட்டைப்படையில் முடியட்டும். இரண்டு காரணம். இரண்டு வரிக்கு ஒரு மேடு என்பதால், இரட்டைப்படையில் நிறுத்தினால் தைத்த இடத்திலும் மேடு பள்ளம் தொடர்ந்து ஓடும், தையல் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். இரண்டாவது இன்னும் உபயோகமானது: தொடக்க வால் ஒரு முனையிலும் முடிவு நூல் எதிர் முனையிலும் வந்து நிற்கும். கட்டைவிரல் இடைவெளிக்கு மேலே தைக்க ஒரு நூல், கீழே தைக்க இன்னொரு நூல் தயாராக இருக்கிறது. புது நூல் சேர்க்கவே வேண்டாம். முடிவு நூலையும் 30 செ.மீ. விட்டு வெட்டுங்கள்.

19. நூலை இடது சுண்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி, ஆட்காட்டி விரலின் மேலாக விடுங்கள். இழுவிசை அங்கேதான் சீராகும். வளையங்கள் ஊசியின் கழுத்தில் இல்லாமல் தடித்த தண்டுப் பகுதியில் அமைய வேண்டும். கழுத்தில் போட்டால் எந்த ஊசியாலும் கண்ணி இறுகிப்போகும்.

20. உருண்டையை ஒரு குண்டானில் போட்டுவிட்டால் ஓடாது.

21. இடக்கைக்காரர்கள் வலக்கைக்கு மாற வேண்டாம். சொன்னதை எல்லாம் அப்படியே எதிர்த்திசையில் செய்தால் போதும். படங்களைக் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள், சரியாகத் தெரியும்.

22. பாதியில் எழுந்து போக நேர்ந்தால் பயப்படத் தேவையில்லை. இரண்டு ஊசி ஸ்வெட்டர் பின்னலில் ஊசி நழுவினால் ஒரு வரிசைக் கண்ணியும் அவிழும். குரோஷாவில் எந்த நேரத்திலும் திறந்திருப்பது ஒரே ஒரு வளையம். அதில் ஊக்கு மாட்டிவிட்டுப் போங்கள். இதே காரணத்தால் பிரிப்பதும் சுலபம். நாலு வரிக்கு முன் ஒரு கண்ணி விட்டுப்போனது தெரிந்தால் சமாளிக்கப் பார்க்காமல் பிரித்துவிடுவதே மேல்.

23. நடுவே நூல் தீர்ந்தால் புது உருண்டையை வரி ஓரத்தில் சேருங்கள். உருண்டைக்குள்ளேயே கம்பெனி முடிச்சு வந்தால், அதை வெட்டி எறிந்துவிட்டு வரியின் தொடக்கத்துக்குப் பிரித்து வந்து சேர்ப்பது நல்லது. உள்ளங்கையில் முடிச்சு உறுத்தும்.

24. கோடு கோடாக நிறம் மாற்றும் ஆசை எல்லோருக்கும் வரும். இந்த முறையில் கோடுகள் கையோடு நீளவாக்கில் வரும், அழகாகவே இருக்கும். ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு வால் மிஞ்சும், எல்லாவற்றையும் உள்ளே செருக வேண்டும். முதல் ஜோடி ஒரே நிறத்தில் இருக்கட்டும். பல நிறம்தான் வேண்டுமென்றால் ஒரே இழையில் தானாக நிறம் மாறும் நூல் வாங்கிக்கொள்ளுங்கள்.

25. முதல் துண்டைத் தைக்கும் முன் இரண்டாவதைப் பின்னிவிடுங்கள், அதுவும் உடனே. மாதக்கணக்கில் தள்ளிப்போட்டால் கையின் இறுக்கம் மாறியிருக்கும், அதே 29 கண்ணி, 18 வரி வேறு அளவில் வரும். ஊசி அளவு, கண்ணி, வரி மூன்றையும் லேபிளின் பின்னால் எழுதிவைப்பது நல்லது. ஒற்றைக் கையுறையோடு அலமாரியில் படுத்துவிட்ட நூல் பைகள் நம் வீடுகளில் ஏராளம். நல்ல விஷயம், வலது இடது வித்தியாசம் இல்லை. இரண்டும் ஒரே துண்டு.

26. கட்டைவிரல் இடைவெளி. துண்டைக் கையில் சுற்றி, இரண்டு ஓரமும் கட்டைவிரல் பக்கம் சந்திக்குமாறு பிடியுங்கள். கட்டைவிரல் பிரியும் இடத்துக்கு மேலே ஓர் ஊக்கு, அடியில் ஓர் ஊக்கு. கட்டைவிரலை நன்றாக விரித்துப் பாருங்கள், முஷ்டி மடக்கிப் பாருங்கள், பேனா பிடிப்பது போலச் செய்து பாருங்கள். எங்கும் இழுக்கக் கூடாது. நம் 29 கண்ணியில் பொதுவாக விரல் பக்கம் 6 கண்ணி தையல், 8 கண்ணி திறப்பு, மணிக்கட்டுப் பக்கம் 15 கண்ணி தையல் என்று வரும். ஆனால் இறுதித் தீர்ப்பு உங்கள் கையுடையது. ஒரு கைக்கு ஊக்கு குத்தியதும் கண்ணியை எண்ணி, மற்றதற்கும் அதே எண்ணில் குத்துங்கள். கண்ணால் பார்த்து வைத்தால் ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் போகும்.

திறப்பு பெரிதாகிவிடுமோ என்று அஞ்சி 5 கண்ணியோடு நிறுத்துபவர்கள் உண்டு. கட்டைவிரலின் அடிப்பாகம் எவ்வளவு சதைப்பிடிப்பு என்று அப்போதுதான் தெரியும். சின்னத் திறப்பு கையுறையையே மேலே இழுத்துவிடும், மணிக்கட்டு வெளியே தெரியும்.

27. தைக்க, முனை மழுங்கிய உல்லன் ஊசி. கோணி ஊசியின் கண் பெரிதாக இருந்தாலும் முனை கூர்மை. நூலை இரண்டாகப் பிளந்துகொண்டு போகும். இரண்டு ஓரத்தின் வெளி இழைகளை மட்டும் எடுத்துக் கண்ணிக்குக் கண்ணி சுற்றித் தையல் போடுங்கள். நூலைச் சுண்டி இழுக்காதீர்கள். துணி விரிகிறது, தையல் விரியாவிட்டால் முதல் முறை கை நுழைக்கும்போதே அறுந்துவிடும். திறப்பின் இரண்டு முனையிலும் ஒரே இடத்தில் இரண்டு மூன்று தையல் கூடுதலாகப் போடுங்கள். கையுறை கிழிவது எப்போதும் அங்கேதான்.

28. திறப்பைச் சுற்றி ஒரு சுற்று சிங்கிள் குரோஷே போட்டால் வடிவம் நிற்கும். பக்கத்துக்கு 8, முனைக்கு 1, மொத்தம் 18 கண்ணி. இன்னும் மூன்று நான்கு சுற்று அதன் மேலேயே பின்னினால் கட்டைவிரலுக்குக் குட்டையாக ஒரு கைச்சட்டை கிடைக்கும். குளிர் அதிகமான ஊருக்கு அது அவசியம். கண்ணி கூட்டி முக்கோணமாகக் கட்டைவிரல் பகுதியை அகலப்படுத்தும் முறை இதைவிடக் கச்சிதம், ஆனால் அது மூன்றாவது நான்காவது ஜோடிக்கு.

29. மிஞ்சிய வால்களை முடிச்சுப் போட்டு வெட்டாதீர்கள். உள்பக்கமாக ஒரு திசையில் மூன்று செ.மீ. செருகி, திரும்பி, மறுபடி திரும்பி, மூன்று முறையாவது திசை மாற்றுங்கள். அக்ரிலிக் வழுக்கும், ஒரே திசையில் செருகியது துவைத்ததும் எட்டிப் பார்க்கும். நுனியைத் தீயில் காட்டி உருக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. உருகிய நுனி கெட்டிப்பட்டுத் தோலைக் கீறும், வேண்டாம்.

30. அக்ரிலிக் மேல் இஸ்திரிப் பெட்டியை வைக்காதீர்கள். நூல் தட்டையாகிச் செத்துவிடும், வரிகளின் விரிவு போனது போனதுதான். கம்பளி என்றால் குளிர்ந்த தண்ணீரில் பூந்திக்கொட்டை நுரையில் அலசி, கசக்காமல், துண்டில் சுருட்டி நீரை அழுத்தி எடுங்கள். வெந்நீரும் தேய்ப்பும் சேர்ந்தால் கம்பளி இழைகளின் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு துணி சுருங்கிக் கெட்டியாகும், திரும்ப விரியாது. எந்த நூலானாலும் கொடியில் தொங்கவிடாமல் நிழலில் படுக்கவைத்தே உலர்த்துங்கள்.

31. மூட்டுவலி உள்ள பெரியவர்களுக்குப் பின்னும்போது பத்தில் ஒரு பங்கு கழிக்கும் கணக்கை விட்டுவிடுங்கள். கையின் அளவுக்கே பின்னுங்கள், வீங்கிய முட்டியைத் தாண்டிச் சுலபமாக நுழைய வேண்டும். தையல் மேடு வெளிப்பக்கம் வரட்டும். சர்க்கரை நோயால் கை மரத்துப்போகிறவர்களுக்கு மணிக்கட்டில் இறுக்கம் அறவே கூடாது. குழந்தைகளுக்கு ஒரு நீளச் சங்கிலி பின்னி, இரண்டு கையுறையையும் அதன் முனைகளில் தைத்து, ஸ்வெட்டரின் கைகளுக்குள்ளாக விட்டுவிடுவது பழைய உத்தி, கையுறை தொலையாது. ஓடியாடி விளையாடும்போது மட்டும் அந்தக் கயிற்றைக் கழற்றிவிடுங்கள், எங்காவது மாட்டிக்கொள்ளும்.

32. வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உல்லன் கையுறை குளிருக்கு மட்டும்தான். கீழே விழுந்தால் கையைக் காப்பாற்றாது, கைப்பிடியில் வழுக்கவும் செய்யும். பின்னால் உட்கார்பவர் போட்டுக்கொள்ளட்டும்.

33. அரை மணிக்கு ஒரு முறை ஊசியைக் கீழே வைத்து, விரல்களை விரித்து மடக்கி, மணிக்கட்டைச் சுழற்றுங்கள். பெருவிரல் அடியில் வலி தொடங்கினால் அன்றைக்கு அது போதும்.

34. நன்றாக வந்துவிட்டால் அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். விலை சொல்லக் கூச்சப்படாதீர்கள். ஸ்வெட்டர் பின்ன மெஷின் உண்டு. குரோஷாவுக்கு அப்படிக் கடைச் சரக்காக மெஷின் பின்னிக் குவிப்பதில்லை, கையால்தான் நடக்கிறது. கண்காட்சியில் மலிவாகக் கிடைக்கும் குரோஷாப் பையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து பின்னியதே. 1840-களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அயர்லாந்துப் பெண்கள் குரோஷா லேஸ் பின்னி விற்றுக் குடும்பம் காத்தார்கள். ஆந்திராவின் நரசாபுரத்தில் மிஷனரிகள் வழியாக வந்த இந்த வேலை தலைமுறைகளாகப் பெண்கள் கையில் தொடர்கிறது; நரசாபுரம் குரோஷா லேஸுக்கு 2024-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நம் ஜோடிக்கே கணக்குப் போடுங்கள்: 29 கண்ணி, 18 வரி, இரண்டு கை. 1,044 கண்ணி, தையலும் கட்டைவிரல் சுற்றும் தனி. நூல் விலையோடு உழைத்த மணி நேரத்துக்கும் கூலி சேர்த்துச் சொல்லுங்கள். அடுத்த முறை யாரிடமாவது கைப்பின்னல் வாங்கப் போனால் நீங்களும் பேரம் பேசாதீர்கள்.